முதுகில் ஒரு மடிப்பு

முக்குளிப்பு உடுப்பைப் போட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"ரொம்பப் பிடிக்குதுங்க. இதைவிடப் பெருசு இல்லையா?"

பெரியவளும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "கடையில சொகமா இருந்தா கடல்ல குளிரும். இங்க என்னைக் கொஞ்சம் திட்டிக்கிட்டே போடுங்க, பரவாயில்ல. அங்க போய் நல்ல வார்த்தை சொல்வீங்க."

துறைமுகத்தை ஒட்டிய தெருவில் கீழே கடை, மேலே வீடு. கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப் போய், காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். படகு அவள் கணவன் பொறுப்பு. முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர்களில் காற்று அடைப்பது கொழுந்தன் வேலை. அதனால் அவனுக்குப் பெயரே 'காத்து' என்று ஆகிப்போனது. "நான் இல்லன்னா உங்க பொழப்பு மூச்சு முட்டிப் போயிடும்" என்பான். உடுப்பு அறை மட்டும் பெரியவளுடையது. வாடகைக்குக் கொடுப்பது, திரும்பி வந்ததை உப்புப் போக அலசி உலர்த்துவது, கிழிந்ததை ஒட்டுவது, அளவெடுத்துப் புதிதாக வெட்டித் தைப்பது எல்லாம் அவள் கைதான்.

அந்த உடுப்பு தண்ணீரைத் தடுக்கிற உடுப்பு இல்லை. நுரை போன்ற ரப்பர் துணி. தண்ணீர் உள்ளே வரும். உடம்புக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய படலமாகத் தங்கி, உடம்பின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, அதையே போர்வையாகத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். உடுப்பு தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் பழைய தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வரும். சூடாக்கிச் சூடாக்கி உடம்பு களைத்துப்போகும்.

பெரியவள் அக்குளில் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பாள். கழுத்தில் ஒரு விரலை நுழைத்து, மூச்சு முட்டாமல் பிடிக்கிறதா என்று பார்ப்பாள். கையைத் தூக்கச் சொல்வாள், குந்தி எழச் சொல்வாள். கடைசியாக, இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்குகிற இடத்தில் உள்ளங்கையை வைப்பாள். அங்கே துணி மடிப்பாகத் தூக்கிக்கொண்டு நின்றால், அந்த மடிப்புக்குள் கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "கழட்டுங்க" என்று சொல்லிவிடுவாள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

எல்லாம் சரியாக இருந்தால் பின்புறத்து ஜிப்பை மேலே இழுத்துவிடுவாள். இழுக்கும்போது மனதுக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வாள். 'போறவங்களைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துடு சாமி.' வாய்விட்டுச் சொல்வதில்லை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

இத்தனை பேரை உடுத்தி அனுப்புகிறவள் கடலுக்கடியைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் கணவன் ஆசையாக அழைத்துப்போனான். இரண்டு ஆள் ஆழம் இறங்குவதற்குள் காதுக்குள் ஊசியை இறக்கினாற்போல் வலி. மேலே வந்தபோது ஒரு காதில் ரத்தம். "உங்க காதுக்குக் கடல் ஒத்துக்காதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. அது ஒரு குறையாகவே அவளுக்குத் தோன்றியதில்லை, சின்னவள் வரும்வரை.

சின்னவள் காத்துவின் மனைவி. குளிக்க வைத்த வெந்நீர் மாதிரிக் கடல் இருக்கிற ஊரில் பிறந்தவள். அங்கே மெல்லிய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு குதித்துப் பழகியவள். கல்யாணமாகி வந்த சில மாதத்திலேயே படகில் அவள் இல்லாவிட்டால் முகம் சுளிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். தண்ணீருக்குள் பயந்துபோன பெண்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போவாளாம். அவள் காட்டினால் பாறைச் சந்தில் ஒளிந்திருக்கிற மீன்கூட வெளியே வந்து நிற்குமாம். இதெல்லாம் கணவன் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிப் பெரியவள் கேட்டது.

"தண்ணிக்குள்ள அவளைத் தேடவே வேண்டியதில்ல. எங்க கூட்டமா இருக்கோ அங்க நடுவுல இருப்பா" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் மனதில் ஒன்றும் இல்லை. கடலைப் பற்றிப் பேச வீட்டில் ஒருத்தி கிடைத்த சந்தோஷம், அவ்வளவுதான். ஆனால் பெரியவள் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

திரும்பி வருகிறவர்கள் சின்னவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு உடுப்பைக் கழற்றி, ஈரம் சொட்டச் சொட்டப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து சின்னவளின் தலையைத் துவட்டிவிடுவாள். "ஈரத்தோட நிக்காதடி, சளி பிடிக்கும்." பெரியவளின் கைகள் நாள் முழுவதும் ஈரத்தில்தான் இருந்தன. அதற்குச் சளி பிடிக்காது போலிருக்கிறது.

சின்னவள் நல்லவளாக வேறு இருந்தாள். அதுதான் பெரிய கஷ்டம். குறை சொல்ல ஓர் இடம் கிடைத்திருந்தால் பெரியவளுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவளோ தன் உடுப்பைத் தானே அலசித் தொங்கப் போடுவாள். டீ போட்டால் முதலில் உடுப்பு அறைக்குத்தான் கொண்டுவருவாள். ஒட்டுப் பசையும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பெரியவளின் விரல் நுனிகள் வெடித்திருந்ததைப் பார்த்து, ஒரு நாள் தையல் மெஷின் மேல் களிம்பு டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

"யாருது இது?"

"உங்களுக்குத்தான்க்கா. ராத்திரி தடவிக்கிட்டுப் படுங்க."

பெரியவள் அதைத் திறக்காமல் மேஜை டிராயருக்குள் தள்ளினாள். 'என் கை வெடிச்சிருக்குன்னு ஊருக்குச் சொல்லணுமா இவளுக்கு' என்று நினைத்தாள். பொறாமை ஒரு மனசுக்குள் குடிவந்துவிட்டால், பிறர் செய்கிற நல்லதைக்கூட வாசலில் நிறுத்தி விசாரித்துத்தான் அனுப்புகிறது.

குளிர்காலம் தொடங்கியபோது, சின்னவள் ஆசிரியைப் பரீட்சைக்குப் போகப் போகிறாள் என்ற செய்தி வந்தது. தேறிவிட்டால் அவளே மற்றவர்களுக்கு முக்குளிக்கக் கற்றுத் தரலாம். வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க ஓர் அம்மாள் வருவார். ஆழத்தில், அசையாமல் மண்டியிட்டு, ஒவ்வொரு வித்தையாகச் செய்து காட்ட வேண்டும். இந்த ஊர்க் கடல் குளிர்காலத்தில் மேலே சாதுவாக இருக்கும், ஆழத்தில் எலும்பைத் தொடும்.

"பெரியவளே, அவளுக்கு நீயே ஒண்ணு வெட்டிக் குடு" என்றாள் மாமியார். "கடையில இருக்கறதெல்லாம் ஊரு ஒலகம் போட்டது. பரீட்சைக்குப் போற புள்ள."

"சரிங்க அத்தை."

அளவெடுக்க வந்து நின்ற சின்னவள் நாடா பட்ட இடமெல்லாம் நெளிந்தாள்.

"நேரா நில்லு. மூச்சை இழு."

"கூச்சமா இருக்குக்கா. இடுப்பளவை மட்டும் உங்க கொழுந்தன்கிட்டச் சொல்லிடாதீங்க. நான் ஒல்லின்னு நெனச்சிட்டிருக்காரு மனுசன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து விழுங்கினாள். அன்று இரவு அவளுக்குத் தோன்றியது: அந்தச் சிரிப்பைச் சிரித்திருந்தால் இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உடுப்பு நன்றாக வந்தது. மிக நன்றாக வந்தது. ஓரங்களுக்கு மூன்று முறை பசை தடவி ஒட்டி, ஊசி மறுபக்கம் எட்டிப் பார்க்காதபடி தைத்து, முதுகு உள்வாங்குகிற இடத்துக்குத் தனியாக ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தாள். அவள் கைக்குத் தப்பாக வெட்டத் தெரியாது. முடிந்ததும் விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இதுவரை தைத்ததிலேயே இதுதான் நல்லது. பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிந்தது. இதையும் போட்டுக்கொண்டு அவள் படகில் ஏறுவாள். எல்லோரும், 'எவ்வளவு எடுப்பா இருக்கா பாரு' என்பார்கள். என் கையில் இருக்கிற நல்லதெல்லாம்கூட அவள் உடம்பில் போய்த்தான் உட்கார வேண்டுமா?

உலர்த்தும் அறையில், பழைய உடுப்புகளுக்குப் பின்னால், கடைசிக் கொக்கியில் அதை மாட்டினாள். மேலே ஒரு கிழிந்த உடுப்பைப் போர்த்தினாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சின்னவள் வந்து கேட்டாள். "அக்கா, என்னோடது ஆச்சா?"

"பசை இன்னும் காயலைம்மா" என்றாள் பெரியவள். "கடையில இருக்கறதுல ஒண்ணு எடுத்துத் தரேன்."

"அதுக்கென்னக்கா. நீங்க எடுத்துக் குடுத்தாச் சரிதான்."

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததுமே கடை பரபரப்பாகிவிட்டது. பரீட்சைக்கார அம்மாள் படகில் ஏறி உட்கார்ந்திருந்தார். வெட்டிவிட்ட நரைத்த முடி, சிரிக்காத முகம். கடையில் மத்தியானப் படகுக்காகச் சீக்கிரமே வந்துவிட்ட பருத்த பல் டாக்டர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்த உடுப்பு, பார்ப்பதற்குக் குறை சொல்ல முடியாதது. ஆனால் பலபேர் போட்டு இழுத்து, துணி தன் பிடியை இழந்துவிட்டது. சின்னவள் அதற்குள் சுலபமாக வழுக்கிக்கொண்டு போனாள்.

"அட, எவ்வளவு சொகமா இருக்கு" என்றாள். கையை வீசிப் பார்த்தாள். "மத்ததெல்லாம் கழுத்தை நெரிக்கும். உங்களுக்குத்தான்க்கா என் ஒடம்பு தெரியும்."

கடையில் சுகமாக இருந்தால் கடலில் குளிரும் என்று பெரியவள் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

'நடுங்கட்டும். ஒரு நாள் நடுங்கினா ஒண்ணும் ஆயிடாது. எல்லாத்தையும் ஜெயிச்சுட்டே இருந்தா எப்படி?'

சின்னவள் முதுகைக் காட்டி நின்றாள். இடுப்புக்கு மேலே துணி ஒரு கை நுழைகிற அளவுக்கு மடித்துக்கொண்டு நின்றது. பெரியவள் உள்ளங்கையை அங்கே வைக்கவில்லை. ஜிப்பை மட்டும் இழுத்தாள்.

"அக்கா, சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"எல்லாருக்கும் மனசுக்குள்ள ஏதோ சொல்வீங்கல்ல. உதடு அசையும். எதிர்க் கண்ணாடியில நான் பாத்திருக்கேன்." சின்னவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "எனக்கும் சொல்லிடுங்க. அது இல்லாமப் போனா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

பெரியவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தன் முகம் தெரிந்தது. உதட்டைப் பிரித்தாள். அந்த வரி அவளுக்குத் தெரியும். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அன்று வரவில்லை. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா என்று யாரிடம் கேட்பது? முதுகில் அந்த மடிப்பை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?

உதட்டைச் சும்மா அசைத்தாள். "ஆச்சு" என்றாள். மனிதர்களிடம் சொன்ன பொய் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. இது வேறு இடத்தில் போய் விழுந்தது.

படகு கிளம்பிப் போனது.

பல் டாக்டர் தன் முறைக்கு எழுந்து வந்தார். பெரியவள் எடுத்துக் கொடுத்த உடுப்புக்குள் ஒரு காலை நுழைக்கவே அவருக்கு வேர்த்துவிட்டது.

"என்னங்க இது, கடவாய்ப் பல்லைப் பிடுங்கறது இதுக்குத் தேவலாம் போல."

"பாதத்துல இந்தப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்குங்க. வழுக்கிட்டுப் போகும். நகத்தால இழுக்காதீங்க, துணி கிழியும். விரல் சதையால கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்குங்க."

"இதைவிடப் பெருசு இல்லையா?"

"கடையில சொகமா இருந்தா கடல்ல குளிரும்" என்றாள் பெரியவள். பழக்கத்தில் வந்துவிட்டது.

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தார். பெரியவள் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். துணி சதையோடு சதையாக இருந்தது.

"எதுக்கு அங்க தொட்டுப் பாக்கறீங்க?"

"அங்க மடிப்பு நிக்கக் கூடாது. நின்னா அதுக்குள்ள குளுந்த தண்ணி போயிட்டு வந்துட்டே இருக்கும்."

"அப்படியா?" டாக்டர் கேட்டார். அவர் குரலில் எந்தக் குத்தலும் இல்லை, தெரிந்துகொள்கிற ஆசை மட்டும்தான். "இப்பப் போச்சே அந்தப் பொண்ணு, அதுக்கு அங்க மடிப்பு இருந்துச்சே. பழகினவங்களுக்கு அது பரவாயில்லையா?"

பெரியவளின் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது.

"இல்ல" என்றாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "யாருக்கும் பரவாயில்லங்க. நீங்க கழட்டிட்டு உக்காருங்க, நான் வந்துடறேன்."

உலர்த்தும் அறைக்குப் போய்க் கிழிந்த உடுப்பைத் தள்ளிவிட்டு, புது உடுப்பை இழுத்தாள். பாதத்துக்கு மாட்டப் பை வேண்டுமென்று டிராயரைத் திறந்தபோது களிம்பு டப்பா உருண்டு முன்னால் வந்தது. மூடியின் மேல் ஒட்டியிருந்த காகிதம்கூடப் பிரியாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள். மாடிக்கு ஓடி, டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து, பொறுக்கிற பதத்தில் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள்.

"என்னடி, டீக்கு வெச்ச தண்ணி" என்றாள் மாமியார்.

"அப்புறம் சொல்றேன் அத்தை. நீங்க திட்டறதுக்கு நிறைய இருக்கு."

காத்து சின்னப் படகில் மாற்றுச் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்னையும் கூட்டிட்டுப் போ."

"அண்ணி, நீங்களா? அலை இருக்கே. காது?"

"காது கெடக்கட்டும். கெளப்பு."

போகிற வழியெல்லாம் அவள் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடம் என்ன சொல்வது என்பதல்ல அவளை வாட்டியது. பசை இப்போதுதான் காய்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கெட்டிக்காரி, தேடிக்கொண்டு வந்தாளே என்று பெயரே கிடைக்கும். அந்த வாசல் அகலமாகத் திறந்துதான் இருந்தது. அதன் வழியே போய்விடலாமே என்று மனசு கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தது.

பெரிய படகை அவர்கள் தொட்டபோது முதல் இறக்கம் முடிந்து எல்லோரும் மேலே வந்துவிட்டிருந்தார்கள். சின்னவள் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பெரியவளின் கணவன் அவள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"கை நடுங்கி ஒரு கொக்கியைக்கூட மாட்ட முடியலை" என்று பரீட்சைக்கார அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். கடுமையாக இல்லை, உள்ளதைச் சொல்கிற குரலில். "இன்னும் ஒரு இறக்கம் இருக்கு. இந்த நிலைமையில நான் விட மாட்டேன். சில பேரு ஒடம்பு குளுந்த கடலுக்கு ஏத்தது இல்லம்மா. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"ஆமாங்க" என்றாள் சின்னவள். கண்ணீரா கடல் தண்ணீரா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் ஒடம்புதான் சரியில்ல. அக்கா நல்ல உடுப்பாத்தான் பாத்துக் குடுத்தாங்க."

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வராமல் இருந்திருந்தால், பெரியவள் அகலமான வாசல் வழியாகவே போயிருப்பாளோ என்னவோ.

"அவ ஒடம்புக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள், படகில் ஏறி நின்று. "உடுப்புதான் சரியில்ல. நான் தெரிஞ்சேதான் குடுத்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பசை காயலைன்னு அவகிட்டச் சொன்னியே" என்றான் கணவன்.

"போன வாரமே காஞ்சிருச்சு. ஒளிச்சு வெச்சிருந்தேன்." அவள் அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். "தெனம் சாப்பிட உக்காந்தா நீங்க அவளைப் பத்தியே பேசுவீங்க. நான் பாக்காத எடத்தையெல்லாம் அவ பாக்கறா. அத்தை அவ தலையைத் துவட்டறாங்க. எனக்குத் தாங்கலை. அவ நடுங்கணும்னு நெனச்சேன். நெனச்ச மாதிரியே நடுங்கறா. பாக்க முடியலை."

காத்து சிலிண்டரைத் தூக்கினவன் தூக்கினபடியே நின்றான். சின்னவள் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் வந்துகொண்டிருந்தது. வர வேண்டிய கோபம்தான்.

பரீட்சைக்கார அம்மாள் பெரியவள் கையிலிருந்த உடுப்பை வாங்கித் தையலைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "ஒரு மணி நேரம் ஓய்வு. அதுக்குள்ள அவ கதகதப்பானா ரெண்டாவது இறக்கத்துக்கு விடறேன்" என்றார். "மொதல் இறக்கம் தவறினது தவறினதுதான். அதை அடுத்த மாசம் நான் வரப்பத் திரும்பவும் செய்யணும்."

பெரியவள் சின்னவளின் முன்னால் மண்டியிட்டாள். ஈர உடுப்பை உரித்தெடுத்து, துண்டால் முதுகைத் தேய்த்தாள். சின்னவள் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. கதகதப்புத் திரும்பி நடுக்கம் அடங்கியபின் பாதத்தில் பையை மாட்டி, புது உடுப்பை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றினாள். கணுக்கால், முழங்கால், தொடை. இருவருக்கும் மூச்சு வாங்கியது. கழுத்துப் பக்கம் திறந்து, ஃபிளாஸ்க்கிலிருந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊற்றினாள்.

"ரொம்பப் பிடிக்குது" என்றாள் சின்னவள். பெரியவள் படகில் ஏறின பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"தண்ணிக்குள்ள சரியாயிடும்."

"இனிமே நீங்க சொல்றதை நான் நம்பணுமா?"

பெரியவள் உடுப்பின் தோள்களை இழுத்துச் சரிசெய்தாள். "குந்தி எழுந்திரு" என்றாள். சின்னவள் குந்தி எழுந்தாள். பெரியவள் உள்ளங்கையை எடுத்து முதுகு உள்வாங்குகிற இடத்தில் வைத்தாள். துணி அங்கே தோலைப் போலப் படிந்திருந்தது. "நீயே தொட்டுப் பாரு. என்னை நம்ப வேண்டாம்."

சின்னவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக் காட்டி நின்றாள், ஜிப்புக்காக.

பெரியவள் ஜிப்பை இழுத்தாள். இந்த முறை அந்த வரி வந்தது. மனதுக்குள் நிற்காமல் வாய்வழியே வந்தது. "போறவளைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துடு சாமி." படகில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இதைத்தான் சொல்வீங்களா?" என்றாள் சின்னவள். "நான் என்னமோ பெரிய மந்திரம்னு நெனச்சேன்." சிரிக்கவில்லை. ஆனால் குரலில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. மாஸ்க்கை இறக்கிக்கொண்டு, பின்னால் சாய்ந்து தண்ணீருக்குள் விழுந்தாள்.

நீர்க்குமிழிகள் வந்து வெடிக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருந்தாள். கணவன் பக்கத்தில் வந்து நின்றான். வெகு நேரம் கயிற்றைச் சுருட்டினான். சுருட்டினதையே அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான்.

"காது வலிக்குதா?" என்று கேட்டான் கடைசியில்.

கல்யாணமான புதிதில் கேட்டது. அதன் பிறகு இன்றுதான் கேட்கிறான். "மேல இருந்தா வலிக்காது" என்றாள்.

"அது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான் அவன். அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "நிறையத் தெரியாமத்தான் போயிருக்கு" என்றான்.

சின்னவள் மேலே வந்தபோது பரீட்சைக்கார அம்மாள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். கடலில் அதற்கு 'எல்லாம் சரி' என்று அர்த்தம். பாதிப் பரீட்சை தேறியாகிவிட்டது. மற்ற பாதி பெரியவளால் போனது. அது அடுத்த மாதம் வரை அவள் கழுத்தில் தொங்கும். சொல்லிவிட்டதால் அது இல்லையென்று ஆகிவிடவில்லை. வீட்டுக்குப் போனால் மாமியார் இருக்கிறாள். அதுவும் பாக்கி.

பொறாமையும் அன்றோடு போய்விடவில்லை. படகில் ஏறி, முகத்தை வழித்துக்கொண்டு, "ஒரு பெரிய ஆமைங்க" என்று சின்னவள் பெரியவளின் கணவனிடம் சொன்னபோது, பெரியவளின் நெஞ்சில் பழைய இடத்தில் சுருக்கென்றது. அவள் அதை மறைக்கவில்லை. "எவ்வளவு பெருசு? எனக்கும் சொல்லு" என்றாள்.

சின்னவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "சிலிண்டர் அளவு இருந்துச்சுக்கா. என்னைப் பாத்துட்டு, ஏதோ விடியக்காலையில பால்காரன் கதவைத் தட்டி எழுப்பின மாதிரி முகத்தைச் சுளிச்சுது."

பெரியவள் சிரித்தாள். இந்தத் தடவை விழுங்கவில்லை.

பிறகு பின்னால் போய் ஜிப்பைக் கீழே இறக்கினாள். உடுப்பைத் தோளிலிருந்து பிரித்தபோது உள்ளேயிருந்த தண்ணீர் அவள் கைகளில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அடிக்கடலில் அத்தனை நேரம் கிடந்தும், சின்னவளின் உடம்பு வைத்திருந்த வெப்பம் அப்படியே இருந்தது. வெடித்திருந்த விரல் நுனிகளில் அந்த உப்புத் தண்ணீர் எரிந்தது. பெரியவள் கையை எடுக்கவில்லை.

சின்னவள் திரும்பி அந்த விரல்களைப் பார்த்தாள். "களிம்பு தடவலையா?"

பெரியவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டப்பாவை எடுத்துக் காட்டினாள். பிரிக்காத காகிதத்தை இருவரும் பார்த்தார்கள். சின்னவள் அதை வாங்கி, பல்லால் காகிதத்தைக் கடித்துப் பிரித்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

"கோவம்னா வாய்விட்டுத் திட்டிடுங்கக்கா" என்றாள். "குளுர விடாதீங்க."